கயிற்றில் தொங்கிய சீட்டு

பறக்கும் ரயில் மந்தைவெளியைக் கடக்கும்போதெல்லாம் எங்கள் ஏழாம் வகுப்பின் ஜன்னல் கம்பிகள் அதிரும். அந்த அதிர்வு பல் வரைக்கும் ஏறும். வெள்ளிக்கிழமை கடைசி பீரியடில், அந்த அதிர்வுக்கு நடுவே தரையில் வட்டமாக உட்கார்ந்து, மனசில் இருப்பதை ஆளுக்கொரு சீட்டில் எழுதிப் படிக்க வேண்டும். "மாரல் மிஸ்" என்று நாங்கள் கூப்பிட்ட நீதிபோதனை டீச்சரின் ஏற்பாடு அது. நல்ல மனுஷி. அதைச் சொல்லாமல் மேலே எழுதினால் நான் அயோக்கியன்.

எங்களிடம் இருந்தது ஒரே சொல்: "கடுப்பு". பசித்தாலும் கடுப்பு, அம்மா அடித்தாலும் கடுப்பு, நண்பன் பேசாமல் போனாலும் கடுப்பு.

"கடுப்புக்குள்ள என்ன இருக்கு? அதை எழுதுங்க" என்பார் மிஸ்.

"பருப்பு கீது மிஸ்" என்பான் பின்னாலிருந்து ஒருவன். மிஸ்ஸும் சிரிப்பார். அப்படிச் சிரித்துச் சிரித்தே பயம், பொறாமை, ஏக்கம், அவமானம் எல்லாம் எங்கள் வாய்க்கு வந்தன.

என் பக்கத்தில் உட்காரும் ஸ்டெல்லா மட்டும் மாதக்கணக்கில் வெற்றுச் சீட்டையே நீட்டினாள். "இன்னாத்த எழுதறது, போடா" என்பாள். ஒரு வெள்ளிக்கிழமை எழுதிவிட்டாள்: "மாடிப்படியில் அண்ணன் செருப்புச் சத்தம் கேட்டால் பயம். மூத்திரம் வந்துவிடும்." யாரும் சிரிக்கவில்லை. மிஸ் அவளைக் கட்டிக்கொண்டார். அண்ணன் என்ன செய்கிறான் என்று கேட்கவில்லை. எங்களுக்கும் கேட்கத் தோன்றவில்லை. சொல்லிவிட்டாள், அது போதும் என்று இருந்துவிட்டோம்.

எங்கள் பள்ளிக்கூடங்களுக்கு ஒரு வியாதி உண்டு. பிள்ளைகள் எதைச் செய்தாலும் பெற்றோருக்குக் காட்டியாக வேண்டும். ரேங்க் கார்டு கொடுக்கும் நாளில், நல்ல சீட்டுகளைப் பொறுக்கியெடுத்து, அட்டைகளில் பெரிதாக எழுதவைத்து, வகுப்பின் குறுக்கே கயிறு கட்டித் தொங்கவிட்டார் மிஸ். கையெழுத்து அழகாக இருந்ததால் எழுதும் வேலை எனக்கு. ஸ்டெல்லாவின் சீட்டில் மூத்திரத்தை மட்டும் விட்டுவிட்டுச் சிவப்பு ஸ்கெட்ச் பேனாவில் எழுதினேன்.

"பேரு போடாதடா, வேணாண்டா" என்றாள்.

"மிஸ் போடச் சொன்னாங்க" என்றேன். பூப்போட்டு எழுதினேன்.

ஸ்டெல்லாவின் அம்மா வேலைக்குப் போயிருந்ததால் கார்டில் கையெழுத்துப் போட அண்ணன்தான் வந்தான். கயிற்றின் முன் நின்று நிதானமாகப் படித்தான்.

"ரொம்ப தைரியமான பொண்ணு சார் உங்க தங்கச்சி" என்றார் மிஸ், பெருமையாக.

"இன்னாமா எழுதிக்கீது பாரேன்" என்று அவனும் சிரித்தான்.

நாலு நாள் ஸ்டெல்லா வரவில்லை. வந்தபோது இடது கையில் மாவுக்கட்டு. "படியில விழுந்துட்டேன் மிஸ்." "பாத்து நடக்கக் கூடாதா கண்ணு" என்றார் மிஸ். அந்த வெள்ளிக்கிழமை அவள் சீட்டில் இருந்தது "சந்தோஷம்". வருஷம் முடியும்வரை வாராவாரம் அதையே எழுதினாள். எட்டாம் வகுப்புக்கு அவள் வரவில்லை. நாங்கள் யாரும் தேடிப் போகவில்லை.

இன்று அந்தப் பள்ளிக்கூடம் இல்லை. அங்கே அடுக்குமாடி நிற்கிறது. அவள் குடியிருந்த வரிசை வீடுகளும் இல்லை, எங்கே போனார்கள் என்று கேட்க ஆளும் இல்லை. போன மாதம் மயிலாப்பூர் குளத்தருகே காய்கறி வாங்கும்போது மிஸ்ஸைப் பார்த்தேன். பார்வை மங்கியும் என்னை அடையாளம் கண்டுகொண்டார்.

"உங்க வகுப்பு மாதிரி மனசு விட்டுப் பேசின பசங்கள நான் அப்புறம் பாக்கவே இல்லப்பா" என்றார். பிறகு, "ஸ்டெல்லா எப்படி இருக்கா?" என்று கேட்டார்.

இத்தனை வருஷக் கோபமும் வாய்வரை வந்தது.

"நல்லா இருக்கா மிஸ்" என்றேன்.