நடுவில் சேர்ந்த ஒரு காலம்

மணி அடித்தால் யோசிக்காமல் விற்றுவிட வேண்டும் என்பது அண்ணி போட்ட சட்டம். அண்ணி என்றால் என் கணவரின் அக்கா. திண்டிவனத்தில் ஒரு தனியார் பள்ளியின் அலுவலகத்தில் வேலை பார்க்கிறார். நான் விழுப்புரத்தில், வீட்டிலேயே டியூஷன் எடுக்கிறேன். ஊரடங்கு சமயத்தில் இரண்டு பேருக்கும் பொழுது போகாமல் ஆன்லைன் வகுப்பில் சேர்ந்து பங்குச் சந்தை படித்தோம். படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியுமா? என் பெயரில் கணக்குத் திறந்து, பன்னிரண்டு கம்பெனிகளின் பங்குகளைக் கொஞ்சம் கொஞ்சமாக வாங்கி வைத்தோம்.

வேலையைப் பிரித்துக்கொண்டதில் எந்தத் தகராறும் இல்லை. எனக்கு விலை ஏறி இறங்குவதைக் கோடாகக் காட்டும் சார்ட் பார்க்கப் பிடிக்கும். அண்ணிக்கு எக்செல் ஷீட் என்றால் உயிர். பள்ளியின் வருகைப் பதிவிலிருந்து வேன் போகும் தெருக்கள் வரை எல்லாவற்றையும் ஷீட்டில் வைத்திருப்பவர். ஒவ்வொரு கம்பெனிக்கும் எந்த விலைக்கு வாங்கலாம், எந்த விலைக்கு விற்கலாம் என்று அவர் தன் ஷீட்டில் அடுத்தடுத்த இரண்டு காலங்களில், அதாவது மேலிருந்து கீழே ஓடும் கட்ட வரிசைகளில், எழுதுவார். அதோடு என் ஷீட் இணைந்திருக்கும். என் ஷீட்டோடு சார்ட் சாஃப்ட்வேர் இணைந்திருக்கும். அவர் அங்கே ஒரு எண்ணை மாற்றினால் இங்கே என் லேப்டாப்பில் ஒரு கோடு நகரும். பங்கின் விலை விற்கிற கோட்டைத் தொட்டாலோ தாண்டினாலோ மணி அடிக்கும்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்த இணைப்பைக் கட்டிக் காப்பது கைக்குழந்தையை வளர்ப்பது மாதிரி. ஃபைலின் பெயரை மாற்றினால் அழும். வேறு ஃபோல்டரில் வைத்தால் அழும். சில நாள் காரணமே இல்லாமல் எல்லாக் கட்டத்திலும் பிழை காட்டிக்கொண்டு நிற்கும். லேப்டாப்பை அணைத்துப் போட்டால் ஒன்றும் நடக்காத மாதிரி வேலை செய்யும்.

அன்றைக்குத் திங்கட்கிழமை. காலை ஒன்பதே கால், சந்தை திறக்கிற நேரம். டீ டம்ளரோடு உட்கார்ந்தேன். மணி அடித்தது. பட்டியலில் முதல் கம்பெனி, ஒரு பேப்பர் கம்பெனி. சட்டப்படி யோசிக்காமல் விற்றேன். விற்ற செய்தி திரையில் வருவதற்குள் இரண்டாவது மணி. பிறகு மூன்றாவது, நான்காவது. நிற்காமல் அடிக்க ஆரம்பித்தது.

"இன்னா, ஐஸ் வண்டி வந்துக்கீதா?" என்று குளியலறையிலிருந்து கணவர் கேட்டார்.

அப்போதுதான் உறைத்தது. எந்த விலையும் பெரிதாக ஏறவில்லை. விற்கிற கோடுதான் எல்லா சார்ட்டிலும் கீழே இறங்கியிருந்தது. அண்ணிக்கு ஃபோன் போட்டேன்.

"அண்ணி, ஷீட்டுல எதனா பண்ணீங்களா?"

"ஒண்ணும் பண்ணலியே. குறிப்பு எழுத நடுவுல ஒரு காலம் சேத்தேன், அவ்ளோதான்."

"நடுவுலயா?"

"கம்பெனி பேருக்குப் பக்கத்துல இருந்தாதானே படிக்க வசதி?"

பேருக்குப் பக்கத்தில் ஒரு காலம் நுழைந்ததும் மற்றதெல்லாம் ஓரிடம் தள்ளிப் போய்விட்டது. என் ஷீட்டுக்கு அது தெரியாது. பழைய இடத்திலிருந்தே விலையை எடுத்துக்கொண்டிருந்தது. அதனால் வாங்குகிற விலையை விற்கிற விலை என்று நினைத்துக்கொண்டது.

"பேப்பர் கம்பெனிய வித்துட்டேன் அண்ணி."

"அதையா? அதை எப்படிம்மா விப்ப?"

"மணி அடிச்சா யோசிக்காம விக்கணும்னு நீங்கதான சொன்னீங்க!"

"அதுக்குன்னு கண்ண மூடிக்கினு விப்பியா? ஒரு காலம் சேத்தது குத்தமா? பிரேயர் ஆரம்பிச்சிட்டாங்க, வைக்கிறேன்."

வைத்தவர் திரும்பக் கூப்பிடவில்லை. நானும் கூப்பிடவில்லை. ஒன்பது நாள் ஓடியது. கணவர் இரண்டு பக்கமும் பேசிப் பார்த்துவிட்டு, "உங்க ரெண்டு பேரால எனக்குப் பேஜாரா போச்சு, நீங்களே பேசிக்குங்க" என்று ஒதுங்கிக்கொண்டார்.

பத்தாவது நாள் ஒரு முடிவுக்கு வந்தேன். யார் ஷீட்டும் வேண்டாம், இணைப்பும் வேண்டாம், எல்லாவற்றையும் நானே கையால் அடித்துக்கொள்கிறேன். அதற்கு அண்ணியின் ஷீட்டைப் பார்த்துத்தான் எழுத வேண்டும். திறந்தேன். அந்தப் புதுக் காலம் ஒடுக்கமாக இருந்ததால் ஒவ்வொரு கட்டத்திலும் முதல் இரண்டு எழுத்துதான் தெரிந்தது. அதுவரை நான் அதை அகலமாக்கிக்கூடப் பார்த்திருக்கவில்லை. இழுத்துவிட்டேன்.

பெயிண்ட் கம்பெனிக்கு நேராக, 'எங்க தெருவுல நாலு வீட்டுக்கு இந்த பெயிண்ட்தான். ஒரு மழைக்கே உரியுது. யோசிக்கணும்.' பிஸ்கட் கம்பெனிக்கு, 'பாக்கெட் சின்னதாகிக்கினே போவுது.' சிரிப்பு வந்தது. மேலே போய் முதல் வரிசையில் பேப்பர் கம்பெனிக்கு நேராகப் பார்த்தேன்.

'இதை மட்டும் எந்த விலை வந்தாலும் விக்க வேணாம். அவளும் நானும் முதல்ல வாங்கினது.'

விற்க வேண்டாம் என்று அவர் எழுதிய காலம்தான் அதை விற்க வைத்திருக்கிறது. ஷீட்டுக்குக் குறிப்பைப் படிக்கத் தெரியாது. எனக்குத் தெரியும், நான்தான் படிக்கவில்லை. லேப்டாப்பை மூடிவிட்டுச் சமையலறையில் போய் சும்மா நின்றேன்.

சனிக்கிழமை சொல்லாமல் கொள்ளாமல் பஸ் ஏறினேன். விக்கிரவாண்டி தாண்டும்வரை என்ன பேசுவது என்று மனதுக்குள் ஒத்திகை பார்த்தேன். அதற்குப் பிறகு தூங்கிவிட்டேன்.

அண்ணி வீட்டுக் கதவு திறந்தே இருந்தது. ஸ்டூலின் மேல் லேப்டாப், பக்கத்தில் ஒரு தட்டில் வேகவைத்த மல்லாட்டை என்கிற வேர்க்கடலை, முகத்தில் பரீட்சையில் கோட்டை விட்ட களை. என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கக்கூட இல்லை.

"வா, உக்காரு. நானே ஃபோன் பண்ணலாம்னுதான் இருந்தேன். இத சரி பண்ணிட்டுப் பண்ணலாம்னு பாத்தா, பண்ணப் பண்ண மோசமாவுது."

எட்டிப் பார்த்தேன். குறிப்புக் காலத்தை அழிக்கப் போய், கம்பெனி பெயர்கள் இருந்த காலத்தை அழித்துச் சேமித்திருந்தார். எந்த விலை எந்தக் கம்பெனிக்கு என்று தெரியாமல் வெறும் எண்கள் மட்டும் நின்றன. பக்கத்தில் ஒரு கட்டத்தில், 'ஒரு மழைக்கே உரியுது.'

"எது பெயிண்ட்டுன்னாவது தெரியுதே அண்ணி" என்றேன். அவ்வளவுதான், இரண்டு பேரும் சிரிக்க ஆரம்பித்தோம். நான் ஒத்திகை பார்த்தது எதையும் சொல்லவில்லை. "குறிப்பப் படிச்சேன் அண்ணி" என்று மட்டும் சொன்னேன். அவர் மல்லாட்டைத் தட்டை என் பக்கம் நகர்த்தினார்.

குறிப்புகளை வைத்தே பன்னிரண்டு பெயர்களையும் திரும்ப எழுதினோம். எத்தனையாவது காலம் என்று எண்ணாமல், தலைப்பைப் பார்த்து விலையை எடுக்கும்படி இணைப்பை மாற்றினோம். அது சரியாக வருவதற்குள் மணி நாலு. திங்கட்கிழமை பேப்பர் கம்பெனியைத் திரும்ப வாங்கினேன். விலை கொஞ்சம் ஏறியிருந்தது. "பாடம் படிச்சதுக்கு ஃபீஸ்னு வெச்சிக்க" என்றார் அண்ணி.

குறிப்புகளுக்கு இப்போது தனி ஷீட், எதனோடும் இணைக்காதது. அண்ணி அதில் தாராளமாக எழுதுகிறார். போன வாரம் நான் ஒரு புதுக் கம்பெனியைச் சொன்னதற்கு, 'அவளுக்குப் பிடிச்சிருக்கு. எனக்குப் பிடிக்கல. வாங்கிப் பாப்போம்' என்று ஒரு வரி. அதற்குக் கீழே நானும், 'ஏன் பிடிக்கலன்னு எழுதுங்க, படிச்சிட்டுதான் வாங்குவேன்' என்று ஒரு வரி எழுதி வைத்திருக்கிறேன். அவர் இன்னும் பார்க்கவில்லை போலிருக்கிறது, ஃபோன் வரவில்லை.