சும்மா நின்ற காய்

லிஃப்ட் பழுது பார்ப்பவருக்குப் பக்கவாதம் வந்தபோது வயது ஐம்பத்தைந்து. கால் சீக்கிரம் தேறியது. பேச்சு போகவே இல்லை. போயிருந்தால் வீடு கொஞ்சம் அமைதியாக இருந்திருக்கும் என்று அவர் மனைவியே சொல்வார். வலது கைதான் மடங்கிக் கிடந்தது. வருடக் கடைசி வரை அவருடைய இடத்தில் வேறு ஆளைப் போட மாட்டோம் என்று கம்பெனியில் சொல்லியிருந்தார்கள். அதற்குள் கை வர வேண்டும். பகலில் அவரைக் கவனித்துக்கொள்ள, அவரைவிட நாலு வயது மூத்தவளான என்னை வைத்தார்கள்.

சாயங்காலமானால் சதுரங்கப் பலகையோடு அவருடைய சம்பந்தி வந்துவிடுவார். மகளின் மாமனார், தையல் கடைக்காரர். கல்யாணப் பேச்சு நடந்த காலத்திலேயே தொடங்கிய ஆட்டம். தோற்றுத் தோற்று மானம் போய்த்தான் லிஃப்ட்காரர் ஆட்டத்தைப் படித்தாராம். பெரிய வித்தை ஒன்றுமில்லை, நாலைந்து வழக்கங்கள் போதும் என்பார். ஆரம்பத்திலேயே ராணியை ஊர் சுற்ற விடாதே. சிப்பாயைத் தள்ளுமுன் யோசி, அது பின்னால் வராது. எதிராளி ஒரு காயை நகர்த்தினால் ஏன் நகர்த்தினான் என்று பார். ஒன்றும் தோன்றாவிட்டால், எந்தக் காய் சும்மா நிற்கிறதோ அதற்கு வேலை கொடு. இந்தக் கடைசி வழக்கம்தான் அவரைத் தூக்கிவிட்டது. மூலையில் தூங்கும் யானையை வெளியே கொண்டுவரப் பழகிய பிறகு, பாதி ஆட்டம் அவர் பக்கம் வந்தது.

எனக்குச் சதுரங்கம் தெரியாது. ஆனால் கைக்கும் அதே வழக்கம்தான். வேலை கொடுக்காத கை வேலையை மறந்துவிடும். முதல் மாதங்களில் விட்டதைப் பிறகு பிடிப்பது கஷ்டம். காய்களை வலது கையால் நகர்த்துங்கள் என்றேன். ஒப்புக்கொண்டார். அன்று குதிரையை எடுக்கப் போன கை நடுங்கி ராணியில் பட்டது. தொட்ட காயைத்தான் ஆட வேண்டும் என்பது அவர்களுடைய சட்டம். ராணி போனது, கூடவே ஆட்டமும்.

மறுநாள் இடது கையால் ஆடினார்.

"தோத்தா என்ன தம்பி? கை வரணுமா வேண்டாமா?" என்றேன்.

"இவர்கிட்ட மறுபடி தோக்கவா அக்கா இத்தனை வருஷம் படிச்சேன்?"

"அப்ப அந்தச் சட்டத்தை எடுத்துடச் சொல்லுங்க."

"பொண்ணு குடுத்த இடத்துல போய்க் கெஞ்சச் சொல்றீங்களா?"

தையல்காரரிடமும் சொல்லிப் பார்த்தேன். தானாக விட்டுக்கொடுத்தால் நோயாளி என்று இரக்கப்பட்ட மாதிரி ஆகிவிடும், அவரே கேட்கட்டும் என்றார். மரியாதை என்று வந்துவிட்டால் இரண்டு பேரும் ஒரே அச்சு.

நான் தலைமாட்டில் நின்றால் ரப்பர் பந்தைப் பிசைவார். திரும்பினால் பந்து கட்டிலுக்கு அடியில் கிடக்கும். இடது கை மட்டும் நாளுக்கு நாள் தேர்ந்தது. முன்பைவிட அதிகமாக ஜெயித்தார். தேறிவிட்டார் என்று வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். எனக்கு இல்லை.

வருடக் கடைசியில் கம்பெனி மேற்பார்வையாளர் அவரை ஒரு கட்டடத்தின் மொட்டை மாடிக்கு, லிஃப்ட் மோட்டார் அறைக்கு அழைத்துப் போனார். துணைக்கு நானும் போனேன். ஸ்பேனரை வலது கையில் வாங்கினார். விரல்கள் மூடவில்லை. ஸ்பேனர் தரையில் விழுந்தது. மேற்பார்வையாளர் நல்ல மனிதர், தானே குனிந்து எடுத்தார். லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்கள் கூப்பிட்டால் ஃபோனை எடுத்துத் தைரியம் சொல்லும் வேலை இருக்கிறது, உட்கார்ந்தே செய்யலாம் என்றார். இவர் தலையாட்டினார். இறங்கும்போது லிஃப்டில் ஏறாமல் படியில் வந்தார்.

சாயங்காலம் சம்பந்தி வந்தார். விஷயம் தெரிந்து, பலகையை விரிக்காமல் உட்கார்ந்திருந்தார்.

"அன்னைக்கே அந்தச் சட்டத்தை நான் தூக்கிப் போட்டிருக்கணும் சம்பந்தி."

"நான் கேட்டிருக்கணும்."

உள்ளேயிருந்து மனைவியின் குரல் வந்தது. "ரெண்டு பேருக்கும் புத்தி வந்துடுச்சு. கைதான் வரல."

நான் அந்த வீட்டு வேலையை விட்டபோது அவர் வலது கையால்தான் ஆடிக்கொண்டிருந்தார். விரல்கள் பிடிக்காததால் காயை மணிக்கட்டால் தள்ளுவார். பக்கத்துக் காய்கள் சாயும். தையல்காரர் சட்டம் பேசாமல் ஒவ்வொன்றாக நிமிர்த்தி வைப்பார்.