கிதாரை மாட்டிப் பார்க்காமல் கொடுத்த ஆம்ப்ளிபயர்

கும்பகோணத்தில் ஆம்ப்ளிபயர் ரிப்பேர் கடை வைத்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. கோயில் மைக் செட், மண்டபத்து ஸ்பீக்கர் எல்லாம் என்னிடம் வரும். பொம்பளை கடையா என்று முறைத்தவர்களே பிறகு வரிசையில் நின்றார்கள். அதனால் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. அதை ஒரு புதன்கிழமை காலையில் கவிதா என்ற பெண் வந்து இறக்கி வைத்தாள்.

“அக்கா, எங்க வீட்டுக்காரருக்கு நீங்க செஞ்சு குடுத்த கிதார் பெட்டி சரியில்லக்கா.”

“யாரு, நீடாமங்கலம் பிரபுவா? போன வாரம்கூட போன் பண்ணிக் கேட்டேனே. சூப்பரா இருக்குன்னாரே?”

“பெட்டியில குறையே இல்லன்னுதான் சாதிக்கிறாரு. ஆனா கம்பியைப் போட்டு அந்த அறை அறையறாரு. ரெண்டு கம்பி அறுந்துபோச்சு. ஞாயித்துக்கிழமை இப்படி வாசிச்சா சேத்துக்குவாங்களா?”

பிரபு ஒரு ரைஸ் மில்லில் எடை போடுகிறவர். கும்பகோணத்துக் கச்சேரிக் குழு ஒன்றில் கிதார்க்காரர் இடம் காலியாகி, ஞாயிற்றுக்கிழமை வாசித்துக் காட்ட வரச் சொல்லியிருந்தார்கள். அந்த மேடையில் ஏறுவது அவருடைய பத்து வருஷக் கனவு. வீட்டில் பழகுவதற்குத்தான் சின்ன ஆம்ப்ளிபயர் கேட்டார். பத்து வாட் ஐசி, அதன் சூட்டை இழுக்க நல்ல ஹீட் சிங்க், எட்டு அங்குல ஸ்பீக்கர், பிளைவுட் பெட்டி. ஆசையாகத்தான் செய்தேன்.

மைக் செட் தொழிலில் எங்களுக்கு ஒரு வழக்கம். எந்தப் பெட்டியிலும் முதலில் ஒலிப்பது பிள்ளையார் பாட்டுதான். போனை மாட்டிப் போட்டேன், கடையே அதிர்ந்தது. பிரபு கும்பிட்டு எடுத்துப் போனார். கிதாரைக் கொண்டுவரச் சொல்ல எங்கள் இருவருக்குமே தோன்றவில்லை.

அன்று மத்தியானமே டூல்ஸ் பையோடு பஸ் ஏறினேன். வலங்கைமான் தாண்டும்போதுதான் மண்டையில் உறைத்தது. போனிலிருந்து வரும் சிக்னல் வலுவானது. கிதாரில் கம்பியின் அதிர்வை வாங்கும் பிக்கப்பிலிருந்து வருவது மெல்லியது. நான் இன்புட்டில் போட்டிருந்த பத்து கிலோ ஓம் வால்யூம் கண்ட்ரோல் அதையும் இழுத்து அமுக்கிவிடும். அட மக்கு, படித்த பாடம்தானே இது என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

பிரபு வாசலுக்கே ஓடிவந்தார். “நீங்க எதுக்குக்கா இவ்வளவு தூரம்?”

“கிதாரை எடுங்க தம்பி. வாசிச்சுக் காட்டுங்க.”

வாசித்தார். போர்வைக்குள்ளிருந்து யாரோ பேசுவது மாதிரி இருந்தது. போதும் என்று பெட்டியைத் திறந்தேன். மெல்லிய சிக்னலை அமுக்காமல் வாங்க இன்புட்டில் ஒரு மெகா ஓம் ரெசிஸ்டர், அதைப் பெருக்கிக் கொடுக்க அதன் பின்னால் ஆப்-ஆம்ப் ஐசி வைத்த சின்ன போர்டு. ஒரு மணி நேர வேலை.

பழைய பழக்கத்தில் பிரபு ஓங்கி ஒரு அடி அடித்தார். வீடே தூக்கிப்போட்டது. கவிதா காதைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். “மெதுவாங்க, அக்கம்பக்கத்துல சண்டைக்கு வருவாங்க.”

அடுத்து அவர் விரலால் லேசாகத் தொட்டார். ஒவ்வொரு கம்பியும் தனித்தனியாகப் பேசியது. அவர் தலை நிமிரவே இல்லை.

“போன்ல பாட்டு போட்டா நல்லா பாடுது. அப்ப பெட்டியில குறை இல்ல, என் கைதான் போயிடுச்சுன்னு நெனச்சேன்கா. ஞாயித்துக்கிழமை போக வேணாம்னு முடிவே பண்ணிட்டேன்.”

“தப்பு என்னுது தம்பி. உங்க கைக்கு ஒண்ணும் இல்ல” என்றேன். அதைச் சொல்ல எனக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது.

ஞாயிறு மத்தியானம் சாப்பாட்டில் கை வைத்திருக்கும்போது பிரபுவிடமிருந்து போன் வந்தது. “சேத்துக்கிட்டாங்கக்கா. கை ரொம்ப பதமா இருக்குன்னாங்க.” கையைக்கூடக் கழுவாமல் தெருவில் எல்லாரிடமும் சொல்லிவிட்டு வந்தேன்.

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். ஐசி எரிந்தால் வேறு போட்டுக்கொள்ளலாம். எந்த வாத்தியத்துக்குச் செய்கிறீர்களோ அதையே மாட்டி, வாசிக்கிறவர் கையாலேயே வாசிக்க வைத்துக் கேளுங்கள். நம் பெட்டியில் இருக்கும் குறையைத் தன் கையில் இருப்பதாக நினைத்து, ஒரு மனிதர் கிதாரை உறையில் போட்டு மூடிவிட்டால் அதற்கு நம்மிடம் ஸ்பேர் கிடையாது.