குழல் வாய்

ஈஸ்வரனுக்குப் பெண்டாட்டிப் பெருமை கொஞ்சம் அதிகம். போடியில் லேத்துப் பட்டறை வைத்திருக்கிறார். ஏலத்தோட்டங்களிலிருந்து ஜீப்பில் வரும் மருந்தடிக்கிற பம்புகளைச் சரிசெய்வதுதான் பிழைப்பு. வந்தவர்களிடம் பம்பைப் பற்றி ஒரு வார்த்தை பேசினால் சூர்யகலாவைப் பற்றி ஒன்பது வார்த்தை பேசுவார்.

பேசட்டுமே. சூர்யகலா கிடங்கில் ஏலக்காய் தரம் பிரிக்கிறவள். ஒரு திருவிழாவில் பலூன்களைச் சுட்டுத் தள்ளி, கடைக்காரர் கையெடுத்துக் கும்பிட்ட பிறகே நகர்ந்தாள். அதைப் பார்த்துவிட்டுத்தான் ஈஸ்வரன் போட்டிக்கான பழைய ஏர் ரைபிள் ஒன்றை வாங்கித் தந்தார். நாற்பது வயதில் மாவட்டப் பதக்கம் வாங்கினாள்.

துப்பாக்கி துடைக்கும் சோலியை அவர் யாருக்கும் விட்டுத்தரவில்லை. சனிக்கிழமைதோறும் துணி சுற்றிய இரும்புக் கம்பியைக் குழலின் வாய் வழியே விட்டு இழுப்பார். மருந்தடிக்கிற குழாய்களை இருபது வருஷமாக அப்படித்தான் துடைக்கிறார்.

இந்த வருஷம் குண்டுகள் குறியைவிட்டு அங்கங்கே சிதற ஆரம்பித்தன. சூர்யகலா கண் டாக்டரைப் பார்த்தாள். காபியை விட்டாள். மாநிலப் போட்டிக்கு இருபது நாள் இருக்கும்போது, தன் கை நடுங்குகிறது, இனிமேல் சுடப்போவதில்லை என்று சொல்லிவிட்டாள். ஈஸ்வரனுக்கு அன்று சோறு இறங்கவில்லை.

துப்பாக்கியை எடுத்துவைக்குமுன் குழல் வாயைப் பஞ்சால் துடைத்தார். ஓர் இழை மாட்டிக்கொண்டது. லென்ஸ் வைத்துப் பார்த்தார். குண்டு வெளியேறும்போது கடைசியாகத் தொடும் விளிம்பு அது. சுற்றிலும் ஒரே சீராக இருந்தால்தான் குண்டு நேராகப் போகும். அங்கே கம்பி உரசி உரசி ஒரு பக்கம் தேய்ந்து, பிசிறு தட்டியிருந்தது.

சத்தமில்லாமல் சரிசெய்துவிடலாம் என்று மனது சொன்னது. மனுஷன்தானே. ஆனால் பிறகு எப்போதாவது ஒரு குண்டு விலகினாலும் அவள் தன் கையையே சந்தேகப்படுவாளே. மறுநாள் மத்தியானம் கிடங்கு வாசலுக்கே போய் நின்றார்.

“கலா, உன் கையில ஒண்ணும் இல்ல. என் கம்பிதான் குழல் வாயத் தின்னுருச்சு.”

அவள் திட்டுவாள் என்று காத்திருந்தார். அவள் தன் உள்ளங்கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை குழலை லேத்தில் ஏற்றினார். துளை ஆடாமல் சுழலும்படி நிறுத்தவே அரை நாள் ஆயிற்று. தேய்ந்ததைச் சீவினார். பிறகு, முகப்பைக் கிண்ணம்போலக் குடைந்து புது விளிம்பை உள்ளே தள்ளி அமைத்தார். இனி எங்கே இடித்தாலும் அடி வெளி வளையத்துக்குத்தான்.

சாயங்காலம் அவள் ஐந்து குண்டு சுட்டாள். காகிதத்தில் ஒரே ஓட்டை. அதன்மேல் ஓர் ஏலக்காயை வைத்து மூடிக் காட்டினாள்.

இனிமேல் துப்பாக்கியைத் தொடவே மாட்டேன் என்றார் ஈஸ்வரன். சூர்யகலா கம்பியில் புதுத்துணி சுற்றி அவர் கையில் கொடுத்தாள்.

“நீங்கதான் துடைக்கணும். கம்பிய மட்டும் வாய் வழியா விடாம பின்பக்கமா விடுங்க.”