விழுந்தது பொம்மை

என் கையெழுத்து கோழி கிளறியது போல் இருக்கும். எங்கே ர, எங்கே ற என்பதும் இன்றுவரை பிடிபடவில்லை. அஞ்சாம் வகுப்போடு நின்றவன். நீங்கள்தான் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

போன ஞாயிறு மகள் செல்போனில் ஒரு சாகசப் படம் காட்டினாள். ஒருவன் விமானத்திலிருந்து இன்னொரு விமானத்துக்குத் தாவுகிறான். நெற்றி வியர்வை கூடத் தெரிகிறது. நான் செல்போனை விட்டுத் தள்ளி உட்கார்ந்தேன். மகள் கொட்டாவி விட்டபடி, "கிராபிக்ஸுப்பா" என்றாள்.

எங்கள் காலத்துப் படங்களில் புலியின் வயிற்றில் தையல் தெரியும். சேத்தியாத்தோப்பு டூரிங் கொட்டகையில், பீடிப்புகைக்கு நடுவே மணலில் உட்கார்ந்து, அந்தத் தையலைப் பார்த்துக்கொண்டேதான் நடுங்கினேன். எப்படி முடிந்ததோ.

பிறகு விருத்தாசலத்தில் பீங்கான் பொம்மைப் பட்டறையில் சேர்ந்தேன். அச்சிலிருந்து எடுத்த பொம்மைக்குக் கையும் தலையும் ஒட்டுவது என் வேலை. எதைப் பார்த்தாலும் ஒட்டு எங்கே என்று கண் தேடும். அது ஒரு சனியன்.

கல்யாணமான புதிதில் மனைவியை ஊர்க்கோடிக் கொட்டகைக்கு அழைத்துப் போனேன். அதுவரை அவளிடம் நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசியதில்லை, கூச்சம். படத்தில் கயிற்றுப் பாலம் அறுந்து கதாநாயகனின் தம்பி பள்ளத்தில் விழுந்தான். அவள் தேம்பி அழுது என் கையைப் பிடித்துக்கொண்டாள். முதல் தடவை. ஆறுதலாக ஏதாவது சொல்ல வேண்டுமே என்று, எனக்குத் தெரிந்த ஒன்றைச் சொன்னேன்.

"அழுவாத. வுழுந்தது பொம்ம. கை ஆடவே இல்ல பாரு, தோள்ல ஒட்டியிருக்குது."

அவள் கையை எடுத்துக்கொண்டாள்.

அதற்கப்புறம் எந்தப் படத்துக்கும் அவள் அழவில்லை. யாராவது சாகப்போனால் என் பக்கம் திரும்பி, "இதுவும் பொம்மதானுங்களா?" என்பாள். முதலில் சிரித்தோம். பிறகு கேட்பதை நிறுத்தினாள். அப்புறம் படத்துக்கு வருவதையே நிறுத்திவிட்டாள். எத்தனையோ படங்களை நான் பக்கத்து இடம் காலியாக இருக்கத்தான் பார்த்திருக்கிறேன்.

போன ஞாயிறு, மகள் எழுந்து போன பிறகு, கீரை ஆய்ந்துகொண்டிருந்த மனைவியிடம் சொல்லிவிட்டேன்.

"அன்னிக்குப் பாலத்துலேர்ந்து வுழுந்தது பொம்ம இல்ல. நெசமாவே ஆளுதான். நான்தான் தப்பா சொல்லிட்டேன்."

பொய்தான். அந்தத் தோள் இன்னும் என் கண்ணில் இருக்கிறது.

அவள் நிமிரவில்லை. "இத இப்ப வந்து சொல்றீங்க. போய்ப் பாக்கலாம்னா கொட்டாயி எங்க இருக்குது?"

கீரைக்கட்டு பாதி தீர்ந்திருக்கும். "அப்போ அந்தப் பையனுக்கு அடி பலமாங்க?" என்றாள்.

"இல்ல. கீழ வைக்கோல் போட்டிருந்தாங்க."

அவள் தலையாட்டிவிட்டுத் தண்டுகளை ஒதுக்கினாள்.

கொட்டகை இருந்த இடம் இப்போது சிமெண்டுக் கிடங்கு. நாங்கள் உட்கார்ந்த மணல் மேல் மூட்டைகள் கிடக்கின்றன. அந்தப் பக்கமாகத்தான் தினமும் வேலைக்குப் போகிறேன்.

எழுதியது: ஆவணி ஆறு, சனிக்கிழமை.