உள்ளங்கை கீழே பார்த்த கௌபோய்

1. கையில்லாமல் நின்றவன்

வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், எதற்காக வந்தேன் என்பதையே மறந்து வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். ரொறன்ரோவிலிருந்து வடக்கே ஒன்றரை மணி நேர ஓட்டம். பெருந்தெரு ஓரத்தில், காசு கொடுத்துப் பார்க்க வருகிறவர்களுக்காகக் கட்டிய ஒரு பொய் ஊர்: பலகையால் அடித்த வங்கி, ஜெயில், குதிரை லாயம். வாசலில் நான்கு மாடி உயரத்துக்கு ஒரு ஃபைபர் கிளாஸ் கௌபோய். நான் வாடகைக்கு இருந்த அஜின்கோர்ட் பேஸ்மென்ட் முழுவதும் அவனுடைய தொப்பிக்குள் அடங்கிவிடும் என்று தோன்றியது.

வலது கை மட்டும் மணிக்கட்டோடு முறிந்து பனிக்குள் கிடந்தது. முதலாளி வால்ட்டர் அதைக் காலால் தட்டிக் காட்டினார். அவர் பேசியது ஆங்கிலம். என் மண்டைக்குள் போன விதத்தில் எழுதுகிறேன்.

"கை ஆடினால் கார் நிக்கும். கார் நிண்டால்தான் எங்களுக்குச் சாப்பாடு. மே மாசம் திறக்கேக்கை உவன் ஆக்களைக் கூப்பிடவேணும்."

யாழ்ப்பாணத்தில் லேண்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்துக்கு வெல்டிங் செய்த எனக்கு உதெல்லாம் ஒரு வேலையா என்று நினைத்தேன். அந்தத் திமிருக்குக் கிடைத்ததுதான் அடுத்தது.

2. பூட்டிய விதம்

திறப்பு நாளுக்கு முதல் நாள்தான் கிரேன் கிடைத்தது. வால்ட்டர் குதிரைத் தீவனம் வாங்க டவுனுக்குப் போய்விட்டார். மேலே கிரேன் கூடைக்குள் நின்றபோது, கையை எந்தப் பக்கம் திருப்பிப் பூட்டுவது என்று ஒரு சந்தேகம். என் கையையே நீட்டி, ஒருவரைக் கூப்பிடுவதுபோல ஆட்டிப் பார்த்தேன். உள்ளங்கை கீழே, விரல்கள் என் பக்கமாக அள்ளின. அப்படியே வைத்துப் போல்ட்டை முறுக்கினேன். மோட்டாரைப் போட்டதும் கை ஆடியது. கிரேனும் போய்விட்டது.

வால்ட்டர் திரும்பி வந்து அண்ணாந்து பார்த்தார்.

"உவன் என்ன சொல்லுறான்?"

"வாங்கோ எண்டு கூப்பிடுறான்."

"எங்கடை ஆக்களுக்கு உது போ எண்டு சொல்லுறது. எல்லாரையும் விரட்டுறான். நாங்கள் உள்ளங்கையை மேலை வைச்செல்லோ கூப்பிடுறனாங்கள்."

திங்களும் விடுமுறையான லோங் வீக்கென்ட் முடியும்வரை கிரேன் வராது. "திங்கள்வரைக்கும் பாப்பம். கார் நிக்காட்டில் நீயும் நிக்கவேண்டாம்" என்றார். கொழும்பில் காத்திருந்த மனைவியை ஸ்பொன்சர் செய்து கனடாவுக்கு எடுப்பிக்க எனக்கு வேலைக் கடிதம் வேண்டியிருந்தது. அதைக் கேட்கத் திங்கள்தான் நாள் பார்த்து வைத்திருந்தேன். நல்ல நாள்தான் பார்த்தேன்.

சனிக்கிழமை காலை முழுவதும் கார்கள் விர்ரென்று போயின. சிலர் சிரித்துக்கொண்டு திருப்பிக் கை காட்டிவிட்டும் போனார்கள். மத்தியானம் ஒரு வான், தாண்டிப் போனது பிறேக் அடித்துப் பின்னுக்கு வந்தது. இறங்கியவரின் கையில் சோற்றுப் பார்சல்.

"அண்ணை, உவர் எங்கடை ஆளோ? தோட்டத்துக்கை நிண்டு கூப்பிடுற மாதிரியெல்லோ கூப்பிடுறார். கூப்பிட்டவையைத் தாண்டிப் போகக்கூடாது எண்டு மனிசி ஒற்றைக் காலிலை நிக்கிறா."

அழுகை வந்துவிட்டது, மூக்கைத் துடைப்பதுபோல முகத்தைத் துடைத்தேன். அவர் அங்கிருந்தே ஸ்காபரோவிலுள்ள மச்சானுக்குப் போன் போட்டார். ஞாயிறு எட்டு வான். வரிசையைப் பார்த்து, என்ன விசேஷம் என்று வெள்ளைக்காரர்களும் நிறுத்தினார்கள். வால்ட்டர் தன் பொய் வங்கியின் படியில் நின்று கண்ணை இமைக்காமல் பார்த்தார். திங்கள் அவர் சொன்னது ஒன்றுதான்: "அந்தக் கையைத் தொட்டியோ, கொன்றுபோடுவன்." வேலைக் கடிதத்தைத் தன் தொப்பியின்மேல் வைத்துக் கையெழுத்துப் போட்டார்.

3. பாதை மாறியபோது

பல கோடைகள் அந்தப் பொய் ஜெயிலுக்குள் வந்தவர்களின் மீன்குழம்பு மணத்தது. பிறகு கிழக்கே புதிய ஹைவே திறந்தது. கார்கள் அந்தப் பக்கம் போய்விட்டன. கை ஆடியது, பார்க்க ஆளில்லை. முதலில் குதிரைகள் விலைப்பட்டன, பிறகு வங்கியின் கூரை விழுந்தது. நான் மிசிசாகாவில் வேறு வேலை எடுத்தேன். ஆனாலும் ஒவ்வொரு வசந்தத்திலும் போய் கியர் பொக்ஸுக்குக் கிரீஸ் வைத்தேன். அவ்வளவு பெரியவனைச் சும்மா நிற்கவிட மனம் வரவில்லை.

போன இலையுதிர் காலத்தில் அவனை இறக்கக் கிரேன் வந்தது. வால்ட்டருக்கு இப்போது எண்பது தாண்டிவிட்டது. கொக்கி மாட்டும்வரை மோட்டாரை நிறுத்தவேண்டாம் என்றார்.

வேலையில் இருக்கும் இளையவர்களுக்கு ஒன்று சொல்வேன்: எதையும் பூட்டுமுன், அதைப் பார்க்கப்போகிறவர் யார் என்று கேளுங்கள். நான் கேட்காமல் பூட்டித் தப்பியவன். எல்லாருக்கும் அந்த வான் வராது.

கொக்கி தொப்பியைத் தொடும் நேரம், சங்கிலி போட்ட கேற்றடியில் ஒரு கார் நின்றது. இரண்டு பிள்ளைகளோடு ஒரு பெண் இறங்கினாள். "அங்கிள், சின்னனிலை அப்பா எங்களை இஞ்சை கூட்டிவாறவர். இனி உள்ளுக்கை விடமாட்டினமோ?"

நான் வால்ட்டரைப் பார்த்தேன். அவர் ஊன்றுகோலை இடது கைக்கு மாற்றினார். வலது கையை நீட்டி, உள்ளங்கையைக் கீழே வைத்து, விரல்களைத் தன் பக்கம் அள்ளினார்.

நான் சங்கிலியைக் கழற்றினேன். கிரேன்காரன் எஞ்சினை நிறுத்திவிட்டுக் காத்திருந்தான்.