மஞ்சள் கவுன்

எங்கள் மாடி அறைக்குக் குடிவந்த அன்று அவள் கொண்டுவந்தவை இரண்டு. ஒரு துணிப்பை, போர்வையில் சுற்றிய ஒரு கம்ப்யூட்டர். கணவனின் அடி பொறுக்காமல் கிளம்பியவள். ஐந்தரை வயது மகள் அந்த நேரம் பள்ளியில் இருந்ததால் அழைத்து வர முடியவில்லை. திரும்பப் போனபோது வாசலிலேயே மறித்துவிட்டார்கள்.

அழைப்பிதழ்களுக்கு எழுத்துக் கோப்பது அவள் தொழில். அச்சகக்காரர்கள் மாடி ஏறி வந்து வேலை கொடுப்பார்கள். அவள் கம்ப்யூட்டரில் நானூற்றுப் பன்னிரண்டு ஃபான்ட்டுகள் இருந்தன. எண்ணிச் சொன்னவள் அவள், குறித்து வைத்தவன் நான். முப்பத்தாறு ஆண்டுகள் அணையில் நீர்மட்டம் குறித்த கை.

"தும்மினாலும் மணி பாத்து எழுதுற மனுஷன்மா இவரு. நீ கண்டுக்காத" என்று என் மனைவி அவளுக்கு முதல் நாளே சொல்லிவிட்டாள்.

கணவனுக்கு போட்டோ ஸ்டுடியோ. கடையின் இணையதளத்தில் வெள்ளிக்கிழமைதோறும் புதுப் படம் ஏறும். விளம்பரச் சட்டத்துக்குள் சிரிப்பது பெரும்பாலும் அந்தக் குழந்தைதான். இவள் வெள்ளி மாலை நாலு பத்துக்கு அதைத் திறப்பாள். மகள் பள்ளிவிட்டு வீடு சேரும் நேரம் அது. பெயர் கொடுக்க மாட்டாள், பிரவுசரின் தனி ஜன்னலில்தான் பார்ப்பாள், பார்த்த சுவட்டையெல்லாம் அழித்துவிடுவாள்.

"திருடன்கூட இவ்வளவு சுத்தமாத் தொடச்சிட்டுப் போகமாட்டான்" என்பாள் என் மனைவி.

கோடை முடிந்ததும் மஞ்சள் கவுன் போட்ட படம் ஒன்று வந்தது. அடுத்த வெள்ளியும் அதே படம். அதற்கடுத்த வெள்ளியும்.

"கடையில வேலை ஜாஸ்தி போல ஐயா, மாத்தவே இல்ல" என்றாள்.

பதினோரு வெள்ளிகள் அப்படியே போயின. பன்னிரண்டாவது வெள்ளி அவள் அறையில் இணைப்பு அறுந்துவிட, என் பழைய போனைக் கேட்டு வந்தாள். நாலு பத்துக்குத் திறந்தோம். குழந்தை பச்சைச் சட்டையில் நின்றாள். மேல்வரிசையில் இடப்பக்க முன்பல் இல்லை.

அவள் போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "பல்லு விழுந்திருக்கு ஐயா. எனக்குத் தெரியவே இல்ல."

மறுநாள் இணைப்பு வந்ததும் அவள் கம்ப்யூட்டரில் பார்த்தோம். மஞ்சள் கவுன், முழுப் பல்வரிசை.

இரண்டு நாள் தேடிக் காரணத்தைக் கண்டுபிடித்தாள். நாம் பெயர் சொல்லாவிட்டாலும், நம் கருவி தன்னைப் பற்றி ஒவ்வொரு தளத்திடமும் சொல்லிவிடுகிறது: திரை எத்தனை அகலம், கடிகாரம் எந்த நேரம், என்னென்ன ஃபான்ட். எல்லாவற்றையும் சேர்த்தால் கைரேகை. சுவட்டை அழிக்கலாம், விரலை அழிக்க முடியாது. அவள் பட்டியலில் 'பூனைக்குட்டி' என்று ஒரு ஃபான்ட் இருந்தது. மகள் பிறந்த மாதம் தன் கையெழுத்தைக் கொண்டே ஒவ்வோர் எழுத்தாக அவள் செய்தது. வரும்போது மறக்காமல் எடுத்து வந்திருந்தாள்.

"உலகத்துலேயே ரெண்டு கம்ப்யூட்டர்லதான் அது இருக்கு. இன்னொண்ணு அவர் கடையில."

"அதுக்காக, உனக்கு மட்டும் பழைய படத்தக் காட்டுவானா?" என் மனைவிக்கு நம்பிக்கை வரவில்லை.

"அவர் என்னைத் தேடவே வேண்டாம்மா, அந்த ஃபான்ட்டே காட்டிக் குடுத்துடும். நான் பாக்குறேன்னு தெரிஞ்சாப் போதும் அவருக்கு."

அந்த ஃபான்ட்டை அழித்தாள். மஞ்சள் கவுன்தான் வந்தது. "ஒரு ரேகை போனா என்ன, மத்த ரேகையெல்லாம் இருக்கே" என்றாள். மற்ற ஃபான்ட்டுகளையும் அழித்தால் பிழைப்பு இல்லை.

அதனால் என் போனில் பார்ப்பதென்று முடிவாயிற்று. இரண்டாம் வெள்ளி, தலையில் ரிப்பன். மூன்றாம் வெள்ளி, முழங்காலில் கட்டு. படத்தைச் சேமித்து வைக்க எங்கள் மூவரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. அதுதான் அடுத்த வெள்ளி வருகிறதே என்றிருந்தோம். என் வழக்கப்படி நோட்டில் வாரம் ஒரு வரி எழுதினேன்.

நான்காம் வெள்ளி என் போனிலும் மஞ்சள் கவுன் வந்தது.

போனைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள்: "ஒவ்வொரு தடவையும் எத்தனை மணிக்குத் தொறந்தீங்க ஐயா?"

நோட்டைப் பார்க்கத் தேவையில்லை. நாலு பத்து. அவள் பிசகாமல் வைத்திருந்த அதே நேரத்தை நானும் பிசகாமல் வைத்திருந்தேன். இந்த ஊரிலிருந்து, இத்தனை பழைய போனில், வெள்ளிதோறும் நாலு பத்துக்கு அந்தக் கடையைத் திறப்பவர் வேறு யார்?

"மணி தவறாம இருந்து என்னத்தக் கண்டீங்க?" என்றாள் என் மனைவி. மாடிப் பெண் அச்சகத்துக் கம்ப்யூட்டரில் பார்க்கப் போனாள். அந்தத் தளமே திறக்கவில்லை. கணவன் அதை எடுத்துவிட்டிருந்தான்.

இப்போதும் வெள்ளிக்கிழமை கீழே இறங்கி வருகிறாள். நேரத்தை நான் குறிப்பதில்லை.

"அந்த மூணு வரியப் படிங்க ஐயா."

படிக்கிறேன். பச்சைச் சட்டை, மேலே இடப்பக்க முன்பல் இல்லை. நீல ரிப்பன். வலது முழங்காலில் கட்டு.

போன வாரம் இடையில் நிறுத்தினாள். "நீலமில்ல ஐயா. ஊதா."

நான் நீலம் என்றுதான் எழுதியிருக்கிறேன். பார்த்த அன்றே எழுதியது. அவளோ பெற்றவள். இனி சரிபார்க்க வழியில்லை.